மூலனூர்ப் பக்கம் பழைய தோட்டம், கொறங்காடு, கவலைக் கிணறு: அறக்கட்டளையாக்கிப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறக்கணும், எங்கிருந்து தொடங்குவது?

மேக்காலத்தோட்டம் கேட்டது:

வணக்கமுங்க. திருப்பூர் மாவட்டம் மூலனூர்ப் பக்கம் 14 ஏக்கர். அதில் 9 ஏக்கர் கொறங்காடு (வேலி அடைச்ச மானாவாரி மேய்ச்சல் நிலம்), மீதி 5 ஏக்கர் தோட்டம். நில உரிமையாளர் குடும்பத்தார் இதை ஒரு பொது அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுக்கச் சம்மதிச்சிருக்காங்க. அறங்காவலர்கள் 5 பேர். காட்சிக்கு வைக்கும் பொருள் இருக்கும் கூடமா இல்லாம, நிசமாவே பண்ணயம் நடக்கிற இடமா வெச்சு, பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டணும்கிறதுதான் நோக்கம்.

இப்போதைய நிலவரம்:

கொறங்காட்டைச் சுத்திக் கிளுவை வேலி. கிழக்கும் தெக்கும் நல்லா இருக்கு, வடக்கே பாதி செத்துப்போச்சு. வெள்வேல் மரம் ஏக்கருக்குப் பத்துக்கும் குறைவு. உள்ளே சீமைக்கருவேல் நுழைஞ்சிருக்கு. கிணறு 55 அடி, கல் கட்டடம், கவலை வாரி (எருது பூட்டித் தண்ணி இறைக்கும்போது அது நடக்கிற சரிவுப் பாதை) 45 அடி நீளத்துக்கு மண் மூடிக் கிடக்கு, மேலே கல் தூண் ரெண்டும் நிக்குது. கிணத்தில் மூணில் ஒரு பங்கு பக்கத்துத் தோட்டத்துக்காரருது. ஓட்டு வீடு ஒண்ணு. குடும்பத்தில் வயசான அம்மா ஒருத்தங்க கடைசி வரைக்கும் அதிலேயே இருக்கணும்னு விரும்பறாங்க. காங்கயம் எருது ஒரு சோடி வாங்க ஏற்பாடு ஆயிருக்கு.

கேள்வி மூணு. பத்திரத்தில் எதைக் கட்டாயம் எழுதணும்? கவலையை மறுபடி ஓட்ட முடியுமா, ஓட்டினா என்னென்ன கெடும்? கொறங்காட்டை எந்த வரிசையில் மீட்கிறது?


பத்திரக்கட்டு எழுதியது:

பத்திரம் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் நோக்கப் பகுதி. பெரும்பாலானவர்கள் “கல்விக்காக” என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். பின்னால் வருமான வரியில் சிக்கல் வருவது அங்கேதான். கல்வி அறக்கட்டளைகள் தொடர்பான வழக்கில் 2022-ல் உச்ச நீதிமன்றம் கல்வி என்பதற்கு முறையான பள்ளி, கல்லூரிப் படிப்பு என்றே பொருள் கொண்டது. ஒருநாள் பண்ணைப் பார்வை அதில் அடங்காது. அப்படித் தள்ளப்பட்டால் “பிற பொதுப் பயன்” என்ற கடைசி வகைக்குள் போய் விழுவீர்கள். அந்த வகையில், நுழைவுக் கட்டணம், விளைபொருள் விற்பனை போன்ற வணிகத் தன்மையுள்ள வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டினால் அந்த ஆண்டின் வரிவிலக்கே போய்விடும்.

ஆனால் அறநோக்கத்தின் வரையறையிலேயே வேறு இரண்டு தனி வகைகள் இருக்கின்றன: சுற்றுச்சூழல் பாதுகாப்பு; வரலாற்றுச் சிறப்புள்ள இடங்களையும் பொருள்களையும் பாதுகாத்தல். அந்த 20 சதவீத வரம்பு இவற்றுக்குக் கிடையாது. உங்கள் கொறங்காடு முதல் வகை, கவலைக் கிணறும் வீடும் இரண்டாவது வகை. பத்திரத்தில் இவ்விரண்டையும் முதன்மை நோக்கமாக எழுதி, பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டுவதை அவற்றை நிறைவேற்றும் வழியாக எழுதுங்கள். இவை 1961 வருமான வரிச் சட்டத்தின் 2(15) பிரிவில் இருந்தவை. 2025 சட்டத்தில் பிரிவு எண்கள் மாறிவிட்டதால், மனுவில் எண்ணைப் போடும்போது தணிக்கையாளரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அந்த அம்மாவின் வீடு. நிலம் கொடுத்தவரின் நெருங்கிய உறவினர் அறக்கட்டளைச் சொத்தை வாடகையின்றி அனுபவித்தால் வரிவிலக்குக்கே ஆபத்து. அன்பினால் செய்தது என்று அதிகாரியிடம் சொல்லிப் பயனில்லை. நேரான வழி, வீட்டையும் அதைச் சுற்றிய சில சென்ட் இடத்தையும் இப்போது கொடுக்காமல் நிறுத்திக்கொள்வது. சர்வேயரை வைத்து அளந்து உட்பிரிவு செய்து, தனிப் பட்டா வாங்கிவிட்டு, மீதியை மட்டும் எழுதிக் கொடுக்கட்டும். வீடு பிறகு உயில் மூலம் வந்து சேரலாம். உட்பிரிவு முடியுமுன் மொத்தமாக எழுதிக் கொடுத்துவிட்டு, அதன்பிறகு வீட்டைத் திரும்பக் கேட்பது நடக்காது.

கிணற்றுப் பங்கு மூன்றாவது. பக்கத்துத் தோட்டக்காரரின் மூன்றில் ஒரு பங்கு நீருக்கு மட்டுமா, வாரிக்கும் சேர்த்தா என்று மூலப்பத்திரத்தைப் பாருங்கள். பழைய பாகப்பிரிவினைப் பத்திரங்களில் “கிணறு, கவலைவாரி, மாமூல் வழி, வாய்க்கால் பாத்தியம்” என்று தனித்தனியாகவே எழுதியிருப்பார்கள். அவருடைய மோட்டார் ஓடும் நாள் எது, கவலை ஓட்டும் நாள் எது என்று ஓர் ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யுங்கள். வாய்ப்பேச்சு ஒரு தலைமுறை தாண்டாது.

இன்னும் இரண்டு வரிகள் பத்திரத்தில் இல்லாமல் போகக்கூடாது. அறக்கட்டளை திரும்பப் பெற முடியாதது; கலைக்கப்பட்டால் சொத்து அதே நோக்கமுள்ள வேறு அறக்கட்டளைக்குத்தான் போகும், கொடுத்த குடும்பத்துக்குத் திரும்பாது. நில உச்சவரம்புச் சட்டம் அறக்கட்டளைகளைத் தனியாக நடத்துகிறது. எழுதிக் கொடுக்கும் முன் அதை மட்டும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.


வால்கயிறு எழுதியது:

கவலையை ஓட்டலாம். ஆனா அதுக்கு முன்னால ஒண்ணு பார்த்தாகணும்: தண்ணி எத்தனை அடியில் நிக்குது?

வாரி 45 அடின்னு சொல்றீங்க. சால் (தண்ணி மொள்ளற பெரிய ஏனம்) மேலே வர்ற உயரமும் மாடு நடக்கிற தூரமும் ஒண்ணுதான். எருதும் ஆளும் திரும்ப இடம் விட்டா, 45 அடி வாரியில 35, 36 அடி ஆழத்துக்கு மேல இறைக்க முடியாது. தண்ணி 50 அடியில கிடந்தா வடத்தை (சாலைத் தூக்கற கயிறை) நீட்டிப் பிரயோசனம் இல்லை, வாரியையும் நீட்டணும். முன்னே கிணறு ஆழப்படுத்தும்போதெல்லாம் வாரிக்கும் மண் வெட்டினது அதனாலதான். கோடையில தண்ணி இறங்கிப்போற கிணறுன்னா, ஆழ்துளைக் கிணத்துல இருந்து கொஞ்சம் தண்ணி விட்டு மட்டத்தை 30 அடிக்குக் கொண்டுவந்து, தொட்டியில விழுற தண்ணியை வாய்க்கால் வழியாத் திரும்பக் கிணத்துக்கே விட்டுடலாம். அப்படிச் செஞ்சா, ஒரு பலகையில அதை எழுதியும் வைங்க. பிள்ளைகள்கிட்ட மறைக்கக் கூடாது. கவலை ஏன் நின்னுதுங்கிற கதையில பாதி அந்தத் தண்ணி மட்டத்துலதான் இருக்கு.

வாரியோட சரிவு. மண்ணை அள்ளினதும் அடியில பழைய சரிவு தெரியும், அதையே பிடிச்சுக்குங்க. 30 அடிக்கு 4 அடி இறக்கம், அதாவது உங்க 45 அடிக்கு 6 அடி இருந்தா சரி. ஏன்னு கணக்குப் பாருங்க. சால்ல 150 லிட்டர் தண்ணி. சால், தோல், கயிறு எடை 25 கிலோ. உருளையில உராய்வைச் சேர்த்தா 190 கிலோ இழுவை. எருது ஒண்ணு 400 கிலோன்னா சோடி 800. 30க்கு 4 சரிவுல அந்த 800 கிலோவுல சுமார் 107 கிலோ தானாவே கீழ்நோக்கி இழுக்கும். மீதி 83 கிலோவைத்தான் மாடு காலை ஊனி இழுக்கணும். ஒரு நல்ல சோடி தன் எடையில பத்துல ஒரு பங்கைச் சலிக்காம இழுக்கும், அதனால கணக்கு ஒத்துவருது. வாரி சமதளமாயிட்டா 190 கிலோவும் கழுத்துலதான் விழும், பத்துச் சால்ல மாடு நின்னுரும். சரிவு கூடிப்போனா இறங்கறது சுகம், ஆனா நம்ம பக்கத்து எருது பின்னாலேயே நடந்து மேல ஏறுது. குளம்பு வழுக்கும், பின்னங்கால் மூட்டு கெடும். கவலை ஓட்டறவர் இறங்கும்போது வடத்து மேல உட்கார்றதும் இந்தக் கணக்குக்காகத்தான், அவர் எடையும் இழுவையில சேருது.

பிள்ளைகளுக்குக் காட்ட 150 லிட்டர் சால் வேண்டாம். தகரச் சாலை 80 லிட்டருக்குச் செய்யச் சொல்லுங்க. இழுவை 115 கிலோவா இறங்கிடும், பெரும்பகுதி மாட்டு எடையிலயே ஓடிடும்.

இப்போ வாலுக்கு வருவோம். அதிகமாக் கெடறது இங்கேதான். சாலோட அடியில தண்ணி வெளிய போற தோல் குழாய்தான் வால், சில ஊர்ல தும்பின்னு சொல்வாங்க. சாலைத் தூக்கறது வடம், மேல் உருளை வழியாப் போகுது. வாலோட வாயைப் பிடிச்சிருக்கிறது வால்கயிறு, கிணத்து விளிம்புல இருக்கிற கீழ் உருளை மேல போகுது. ரெண்டும் ஒரே நுகத்தடியிலதான் கட்டு. சால் ஏறி வரும்போது வால் மடிஞ்சு, அதோட வாய் சாலோட வாய் மட்டத்துக்கு மேல நிக்கணும். அப்பத்தான் தண்ணி சிந்தாது. விளிம்புக்கு வந்ததும் வாலோட வாய் கீழ் உருளையைத் தாண்டித் தொட்டிக்குள்ள போயிடும், சால் மட்டும் இன்னும் மேல ஏறும், தண்ணி தானாக் கொட்டும்.

வால்கயிறு ஒரு சாண் நீண்டுபோனா வாய் தொங்கிடும். ஏறும்போதே தண்ணி கிணத்துல ஒழுகி, மேலே வரும்போது சால் பாதிதான் இருக்கும். ஒரு சாண் குறைஞ்சா வால் விறைச்சு, சாலும் தோலும் சேர்ற தையல் கிழியும். புதுக் கயிறு நனைஞ்சா நீளம் மாறும், அதனால முதல் நாள் கட்டின முடிச்சை நம்பாதீங்க. ரெண்டு கயிறையும் ஒரு ராத்திரி தண்ணியில ஊறப்போட்டு, மறுநாள் சுமையோட பத்துத் தடவை ஓட்டி, அதுக்கப்புறம் நீளம் பிடிச்சு முடிச்சுப் போடுங்க. மேல் உருளைக்கும் கீழ் உருளைக்கும் உள்ள உயரம் சுமார் 5 அடி, வாலும் கிட்டத்தட்ட அந்த நீளம். உங்க கல் தூண்ல உருளை அச்சுக்குன்னு குடைஞ்ச குழி இருக்கும், அதை அளந்துட்டே வால் தைக்கக் கொடுங்க.

தோல் காஞ்சா வெடிக்கும், ஈரத்துலயே கிடந்தா அழுகும். ஓட்டி முடிச்சதும் நிழல்ல தொங்கவிட்டு, முக்கால் பதம் காஞ்சதும் விளக்கெண்ணெயோ புங்க எண்ணெயோ தடவணும். ஓட்டறதுக்கு முதல் நாள் சாயங்காலம் தண்ணியில போடணும். எலி விரும்பித் தின்னும், அதனால தரையிலயோ மூட்டை பக்கத்துலயோ வைக்காதீங்க. வாரம் ஒருநாள் மட்டும் ஓட்டற இடத்துக்குத் தடிச்ச படுதாத் துணியில ஒரு மாற்று வால் தைச்சு வெச்சுக்கலாம், தப்பில்லை. தோல் வாலைச் சிறப்பு நாளுக்கு வெச்சுக்குங்க.

வடம் அறுந்தா அது போற திசை நுகத்துக்கும் உருளைக்கும் நடுவுல நேர்கோடு. அந்தக் கோட்டுல ஓட்டறவரைத் தவிர ஒருத்தரும் நிக்கக்கூடாது. பிள்ளைகள் வாரிக்குப் பக்கவாட்டுல, பத்தடி தள்ளி, இடுப்பளவு தடுப்புக்கு அந்தப் பக்கம் நிக்கணும். வடம் தாங்கற எடை சுமையைப் போல ஆறு மடங்காவது இருக்கணும், இங்கே 700 கிலோவுக்குக் குறையாம. உருளையில மடங்கற இடத்துலதான் நார் முதல்ல பிரியும், ஓட்டறதுக்கு முன்னால ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தைக் கையால முறுக்கைத் திறந்து பாருங்க. வடத்து மேல உட்கார்றதைப் பிள்ளைகள் முன்னால செய்ய வேண்டாம்னுதான் நான் சொல்வேன், அடுத்த நிமிஷமே ஒருத்தன் தானும் ஏறணும்னு நிப்பான். படம் எடுத்து வெச்சுக் காட்டுங்க.

எருதுக்குப் பின்னால நடக்கப் பழக்கறது மூணு, நாலு வாரம் பிடிக்கும். முதல்ல சால் இல்லாம, அப்புறம் வெறும் சால், அப்புறம் கால் சால். கவலை ஓட்டின பெரியவங்க உங்க சுத்துவட்டாரத்துல இன்னும் இருப்பாங்க. கட்டடத்துக்குச் செலவழிக்கிறதுக்கு முன்னால அவங்களைத் தேடிப் போய், முடிச்சுப் போடற கை, மாட்டுக்குக் கொடுக்கிற குரல், வால் தைக்கிற முறை எல்லாத்தையும் படம் பிடிச்சு வைங்க. தூணு இன்னும் நூறு வருசம் நிக்கும்.


கொழுக்கட்டைப்புல் எழுதியது:

கவலையைப் பத்தி நண்பர் சொன்னதில் எல்லாம் உடன்படறேன், வரிசை மட்டும் வேற. நான் முதல்ல வேலிக்குத்தான் பணம் ஒதுக்குவேன். வடக்கு வேலி திறந்து கிடக்கிற வரைக்கும் புல் விதைச்சாலும் ஊர் ஆடு தின்னுட்டுப் போகும். வேலி இல்லைன்னா அது கொறங்காடே இல்லை, மேய்ச்சல் பொறம்போக்குதான்.

கிளுவைப் போத்து (நடறதுக்கான கிளை) இலை உதிர்ந்து நிக்கிற கோடையில வெட்டணும். கட்டை விரல் தடிமனுக்குக் குறையாம, நாலடி நீளம். வெட்டின உடனே நட்டா அடி அழுகும். நிழல்ல ரெண்டு மூணு நாள் போட்டு வெட்டுவாய் காயட்டும். முக்கால் அடி ஆழம், ஒரு சாணுக்கு ஒண்ணு, ரெண்டு வரிசை, ஒண்ணுக்கொண்ணு மாத்தி. தலைகீழா நட்டுடாம இருக்க வெட்டும்போதே அடியைச் சாய்வா வெட்டுங்க. முதல் மழைக்குத் துளிர்க்கும், அந்தத் துளிரை வெள்ளாடு விடாது. அதனால முதல் வருசம் வெளிப்பக்கம் முள்ளை வெட்டிப் போட்டு அடைச்சு வைக்கணும். செத்துப்போன இடத்தை அடுத்த கோடையில மறுபடி போத்து நட்டு நிரப்பணும். வேலி நெருங்க மூணு வருசம்.

சீமைக்கருவேலை வெட்டிவிட்டா இன்னும் அதிகமாத் துளிர்க்கும். மழை பெய்ஞ்சு மண் இளகினதும் வேரோட எடுக்கணும். அதோட காயைத் தின்ன மாட்டை அப்படியே கொறங்காட்டுல விட்டா, சாணியிலேயே விதை வந்து விழும். வெளியில இருந்து வாங்கற மாட்டை ஒரு வாரம் கட்டுத்தறியில வெச்சுட்டு உள்ளே விடுங்க.

அதே வழி வெள்வேலுக்கு நன்மை. ஆடு தின்ன வெள்வேல் காயோட விதை பட்டிப் புழுக்கையில கிடைக்கும், அது சீக்கிரம் முளைக்கும். நேரா மரத்துல இருந்து எடுத்த விதைன்னா கொதிச்சு இறக்கின வெந்நீர்ல போட்டு ஒரு ராத்திரி ஊறவிடணும். ஏக்கருக்கு 20, 25 மரம் போதும்; நெருக்கமானா அடியில புல் வராது.

புல் விதை: கொழுக்கட்டைப்புல் ஏக்கருக்கு மூணு கிலோ. இந்த வருசம் எடுத்த விதையை இந்த வருசமே போட்டா பாதி கூட முளைக்காது, ஆறு மாசமாவது வெச்ச விதையா வாங்குங்க. பஞ்சு மாதிரி காத்துல பறக்கும், ஈர மணல்ல பிசைஞ்சு தூவணும். ஆழமா உழுது மூடறதுதான் எல்லாரும் செய்யற தப்பு. ஒரு முள்ளுக் கொத்தை இழுத்துவிட்டாப் போதும், விரல் நகம் ஆழத்துக்குக் கீழ போனா வராது. கூடவே நரிப்பயறு கொஞ்சம் சேர்த்துக்குங்க. முதல் வருசம் புல் கதிர் வெச்சு விதை கொட்டற வரைக்கும் ஒரு ஆடு கூட உள்ள போகக்கூடாது. இது முடியாதுன்னா விதைக்கவே வேண்டாம்.

அதுக்கப்புறம் 9 ஏக்கரையும் மூணு தட்டா (பகுதியா) அடைச்சு மாத்தி மாத்தி மேய்க்கணும். முதல்ல மாடு, பின்னால செம்மறி. செம்மறி அடிவரைக்கும் கடிக்கும், அதனால புல் நாலு விரல் உயரத்துக்கு வந்ததும் அந்தத் தட்டை விட்டு எடுத்துடணும். எத்தனை உருப்படின்னு கேப்பீங்க: எருது சோடி, மூணு பசு, பத்து மேச்சேரிச் செம்மறி, அவ்வளவுதான். ஒரு மாட்டுக்கு நாளுக்கு 10 கிலோ காஞ்ச தீவனம்னா, மேய்ச்சல் இல்லாத 150 நாளுக்கு ஒன்றரை டன். அஞ்சு மாட்டுக்கு ஏழரை டன் சோளத்தட்டு போர் போட்டு வைக்கணும். மழை சரியா இருந்தா உங்க அஞ்சு ஏக்கர்ல நாலு அதுக்கே போகும். பார்க்க வர்ற பள்ளிக்காக மாட்டை அதிகமாக்கினா, பங்குனியில தீவனம் வாங்கியே அறக்கட்டளை காலியாகும்.

பூச்சிக்காளை (இனத்துக்கு விடற காளை) நீங்க வெச்சுக்க வேண்டியதில்லை. குட்டப்பாளையத்துல சேனாபதி காங்கயம் கால்நடை ஆராய்ச்சி அறக்கட்டளை இருக்கு, கொறங்காடும் காங்கயம் மாடும் சேர்ந்து எப்படி நடக்குதுன்னு ஒரு தடவை உங்க அறங்காவலர்கள் அஞ்சு பேரும் போய்ப் பார்த்துட்டு வாங்க. பக்கத்துல யார் காளை வெச்சிருந்தாலும், ஒரே காளைக்குத் தொடர்ந்து விடாம மூணு வருசத்துக்கு ஒருதரம் மாத்துங்க, இல்லைன்னா அது தன் மகளுக்கே சேரும்.


மணி_அடிச்சாச்சு எழுதியது:

பிள்ளைகள் வர்ற நாளைப் பத்தி யாரும் சொல்லலை, அதனால சுருக்கமா.

எந்தக் காலத்தைக் காட்டறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க. அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் ஹவல் பண்ணைன்னு ஒண்ணு, 1974-ல் நன்கொடையா வந்த நிலம், இன்னிக்கும் குதிரை பூட்டி உழுது காட்டறாங்க. அவங்க வெச்சிருக்கிற வரம்பு 1890 முதல் 1910 வரை.  கோவை வட்டாரத்துக்குப் பைக்காரா மின்சாரம் வந்தது 1930-களின் தொடக்கத்துல. அதுக்கப்புறம் தோட்டந்தோட்டமா மோட்டார் வந்து கவலை நின்னுது. உங்களுக்கு 1930–1960 பொருத்தமா இருக்கும்: கவலையும் ஓடும், ஆயில் எஞ்சினையும் பக்கத்துலயே வெச்சுக் காட்டலாம். வரம்பு இல்லைன்னா ஆளாளுக்கு வீட்டுப் பரண்ல கிடக்கிற ஆட்டுக்கல், ரேடியோ, தராசு எல்லாத்தையும் கொண்டுவந்து கொடுப்பாங்க. வேண்டாம்னு சொல்ல காரணம் இருக்காது.

ஒரு பேருந்து, 50 பிள்ளைகள். நாலு குழுவாப் பிரிச்சுடுங்க. கவலை, கொறங்காடு, தொம்பையும் (தானியக் குதிர்) தானியமும், பட்டி. ஒவ்வொண்ணுக்கும் 30 நிமிஷம். கவலை ஒரு குழுவுக்கு ஆறு சால்தான், நாலு குழுவுக்கு 24. காலை பத்தரைக்குள்ள எருதை அவிழ்த்துடணும், அதனால பேருந்து எட்டு மணிக்கே வந்தாகணும். இதைப் பள்ளிக்கு எழுதிக் கொடுக்கும்போதே சொல்லுங்க.

கொறங்காட்டுல ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கயிறு கட்டின சதுரம் நாலு வைங்க. உள்ளே எத்தனை வகைப் புல், எத்தனை புழுக்கை, எத்தனை எறும்புப் புத்துன்னு பிள்ளைகள் எண்ணி ஒரு நோட்டுல எழுதட்டும். அந்த நோட்டை அங்கேயே வைங்க. அடுத்த வருசம் வர்ற வகுப்பு பழைய பக்கத்தோட ஒப்பிட்டுப் பார்க்கும்.

மாட்டைத் தொட்ட கையோட சாப்பிடறதுதான் பெரிய ஆபத்து. சோறு சாப்பிடற இடம் கட்டுத்தறியில இருந்து தள்ளி, நடுவுல குழாயும் சோப்பும். பத்துப் பிள்ளைக்கு ஒரு குழாய், இல்லைன்னா வரிசை நீண்டு பாதிப் பேர் கழுவாமப் போயிடுவாங்க. கோமாரித் தடுப்பூசி வருசம் ரெண்டு தடவை, தேதியைப் பதிவேட்டுல எழுதி வைங்க, பள்ளி கேட்கும். கன்னு போட்டு ஒரு வாரம் ஆகாத பசுகிட்ட யாரையும் விடாதீங்க.


மேக்காலத்தோட்டம் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. வீட்டைத் தனியா உட்பிரிவு செய்ய சர்வேயரைக் கேட்டாச்சு. தண்ணி இப்போ 41 அடியில் நிக்குது. அப்போ வாரியை நீட்டறதா, தண்ணி மட்டத்தை ஏத்தறதா?


வால்கயிறு எழுதியது:

மட்டத்தை ஏத்துங்க. வாரியைப் பின்னால நீட்டினா அது அதே சரிவுல இன்னும் ஆழமாப் போகும், மழைத்தண்ணி தேங்கற பள்ளமாயிடும். வடிகால் எடுக்கிற செலவு தனி. 41-ல இருந்து 33 அடிக்கு எட்டடி ஏத்தணும். கிணறு எத்தனை அடி அகலம்னு சொல்லலை. 20க்கு 20ன்னு வெச்சா, எட்டடிக்கு 3,200 கன அடி, சுமார் 90,000 லிட்டர். ஒரே நாள்ல விடாதீங்க. கல் கட்டடத்துல பழைய ஊத்துக்கண் வழியாத் தண்ணி பக்கத்து மண்ணுக்குள்ள போகும். நாலு நாளாப் பிரிச்சு விட்டு, ஒவ்வொரு நாளும் காலையில எத்தனை அங்குலம் இறங்கியிருக்குன்னு குறிச்சுப் பாருங்க. நாளுக்கு ஒரு சாணுக்கு மேல இறங்கினா, கிணத்தை ஏத்தறதை விட்டுடுங்க. வெறும் சால்ல, அரை ஆழத்துக்கு மட்டும் ஓட்டிக் காட்டலாம். ஏத்தறதுக்கு முன்னால கிணத்துல பங்குள்ள பக்கத்துத் தோட்டத்துக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க, அவர் மோட்டார் போட்டா நீங்க விட்ட தண்ணி அவர் வயலுக்குப் போயிடும்.